ஒரே அரசர் பெயரில் இரண்டு ஆணைகள்: 1642இல் இங்கிலாந்தைப் பிளந்த காகிதங்கள்

1642ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் கான்ஸ்டபிள் பொறுப்பில் இருந்தவருக்கு, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு ஆணைகள் சில நாள் இடைவெளியில் வந்து சேரக்கூடும். ஊரில் ஆயுதம் ஏந்தத் தக்கவர்களைத் திரட்டி இன்ன இடத்துக்கு அழைத்து வரவேண்டும் என்று இரண்டுமே கேட்டன. அரசரையும் நாட்டையும் சமயத்தையும் காப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று இரண்டுமே சொல்லின. மற்ற ஆணைக்குக் கீழ்ப்படிவது சட்டவிரோதம் என்ற எச்சரிக்கையும் இரண்டிலும் இருந்தது. ஒன்றை அனுப்பியது நாடாளுமன்றம்; இன்னொன்றை அனுப்பியவர் அரசர் முதலாம் சார்லஸ்.

அந்த ஆண்டின் ஆவணங்களைப் புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் இடம் இதுதான். கலகம் செய்கிறவர்கள் ‘அரசருக்காக’ என்று ஏன் எழுதினார்கள்? பதினோரு ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்ட அரசர், திடீரென நாடாளுமன்றச் சட்டங்களின் காவலராக ஏன் பேசினார்? விடை தேட, முதலில் அந்தக் காகிதங்களின் வகையைப் பிரித்தறிய வேண்டும்.

நான்கு வகை ஆவணங்கள்

1. பிரகடனம். அரசர் தம் பெயரில் வெளியிட்டு, ஷெரீஃப்கள் எனப்படும் மாவட்ட அதிகாரிகள் வழியாகச் சந்தை முச்சந்திகளில் உரக்கப் படிக்கச் செய்யும் ஆணை. எட்டாம் ஹென்றி காலத்தில், 1539இல், பிரகடனங்களுக்குச் சட்டத்துக்கு இணையான வலு தரப்பட்டது. அவர் இறந்தபின் 1547இல் அது நீக்கப்பட்டது. லண்டனைச் சுற்றிப் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது, கோதுமையிலிருந்து துணிக்கஞ்சி காய்ச்சக் கூடாது என்று முதலாம் ஜேம்ஸ் பிரகடனம் செய்தபோது, அது செல்லுமா என்ற கேள்வி 1610இல் நீதிபதிகளிடம் போனது. ஏற்கெனவே குற்றமாக இல்லாத ஒன்றை அரசர் பிரகடனத்தால் குற்றமாக்க முடியாது என்பது நீதிபதி எட்வர்ட் கோக் முதலியோர் தந்த முடிவு. ஆகவே இருக்கும் சட்டத்தை நினைவூட்டவும், மீறினால் தண்டனை உண்டு என்று எச்சரிக்கவும் மட்டுமே பிரகடனம் பயன்படலாம்.

2. மனு. குடிகள் அரசரிடமோ நாடாளுமன்றத்திடமோ குறை சொல்லி நிவாரணம் கேட்பது. பணிவான நடையும் கீழிருந்து மேலே போகும் திசையும் இதன் அடையாளங்கள். கட்டளையிடும் தொனி வந்துவிட்டால் அது மனு என்ற தகுதியை இழந்துவிடும்.

3. சட்டமும் ஆர்டினன்ஸும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காமன்ஸ் அவை, பிரபுக்கள் அவை, அரசர் ஆகிய மூவரும் இசைந்தால்தான் சட்டம். அரசரின் இசைவில்லாமல் இரு அவைகள் மட்டும் பிறப்பித்ததை 1642இல் ஆர்டினன்ஸ் என்றார்கள். தமிழ் வாசகர் இங்கே சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். இந்திய அரசியல் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி, அவசரச் சட்டம் என்று நாம் அழைக்கும் ஆர்டினன்ஸ், நாடாளுமன்றம் கூடியிராதபோது குடியரசுத் தலைவர் பிறப்பிப்பது. அன்றைய இங்கிலாந்தில் அச்சொல்லின் பொருள் ஏறக்குறைய தலைகீழ்.

4. முறையீட்டு அறிக்கை. நடந்தவற்றை வரிசைப்படுத்தி, யார் மீது பிழை என்று வாதிடும் நீண்ட ஆவணம். முகவரி அரசருக்கோ அவைகளுக்கோ இருந்தாலும், உண்மையில் அதைப் படிக்க வேண்டியவர்கள் ஊர்மக்கள். 1642இன் காகிதக் குவியலில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது.

போருக்கு முன்

1629 முதல் 1640 வரை சார்லஸ் நாடாளுமன்றம் கூட்டவில்லை. கடலோரப் பாதுகாப்புக்கான கப்பல் வரியை உள்நாட்டுக் கவுண்டிகளிலும் (மாவட்டங்களிலும்) வசூலித்தார். ஜான் ஹாம்ப்டன் அதைச் செலுத்த மறுத்த வழக்கில், 1638இல், பன்னிரண்டு நீதிபதிகளில் எழுவர் அரசர் பக்கம் தீர்ப்பளித்தனர். நாட்டுக்கு ஆபத்து வந்துவிட்டதா என்பதை அரசரே முடிவு செய்வார், ஆபத்தில் வழக்கமான விதிகள் காத்திருக்கலாம் என்பது அரசுத் தரப்பு வாதத்தின் சாரம். இந்த வாதத்தை வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். நான்கே ஆண்டுகளில் அது கைமாறப் போகிறது.

ஸ்காட்லாந்தில் புதிய வழிபாட்டு நூலைத் திணிக்கப் போய் மூண்ட போரில் கருவூலம் காலியானதால், 1640 நவம்பர் 3ஆம் தேதி நாடாளுமன்றம் கூடியது. மறு ஆண்டுக்குள் மூன்று காரியங்கள் நடந்தன: அரசரின் முதன்மை ஆலோசகரான ஸ்ட்ராஃபோர்டு கொல்லப்பட்டார், தன் இசைவில்லாமல் தன்னைக் கலைக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் செய்துகொண்டது, அச்சுக்கூடங்களை அடக்கி வைத்திருந்த ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் ஒழிக்கப்பட்டது. மூன்றாவதைப் பலரும் கடந்துபோய்விடுகிறார்கள். அச்சிடுபவரைத் தண்டிக்கும் கை அகன்றதும் லண்டன் தெருக்கள் துண்டு நூல்களால் நிறைந்தன. ஜார்ஜ் தாமசன் என்ற புத்தக வியாபாரி 1640 முதல் இருபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்தவை மட்டும் சுமார் 22,000.

மேலே போக வேண்டியது கீழே வந்தது

1641 அக்டோபரில் அயர்லாந்தில் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கப் படை வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் படையை நம்பி அரசர் கையில் கொடுக்கலாமா என்பதில்தான் சிக்கல். நம்ப முடியாததற்கான காரணங்களை, காமன்ஸ் அவையில் அரசரை எதிர்த்தவர்களுள் முதன்மையானவரான ஜான் பிம் தலைமையிலான குழு 204 பத்திகளில் பட்டியலிட்டது. பேரறிக்கை எனப்படும் அந்த ஆவணம், நவம்பர் 22ஆம் தேதி தொடங்கி நள்ளிரவு கடந்தும் நீண்ட விவாதத்துக்குப் பின், 159க்கு 148 என்ற வாக்குகளில் நிறைவேறியது.

அன்று தோற்ற பக்கத்தில் பேசியவர்களில் கென்ட் கவுண்டி உறுப்பினர் சர் எட்வர்ட் டெரிங் ஒருவர். பத்திகளைவிட, அவை யாரை நோக்கிப் பேசுகின்றன என்பதே அவரை அதிகம் உறுத்தியது. ‘நாம் கீழ்நோக்கி முறையிடுவோம், மக்களிடம் கதை சொல்வோம், அரசரை மூன்றாம் மனிதராக வைத்துப் பேசுவோம் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை’ என்ற பொருளில் அவர் பேசினார். அந்த இரவைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் இதைவிடக் கூர்மையான கணிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. மனு என்பது இரு முனைகளுக்கு இடையிலான பேச்சு: கேட்பவர், தருபவர். மூன்றாவதாகத் தெருவும் சந்தையும் கேட்கத் தொடங்கியபின், விட்டுக்கொடுப்பது இரு தரப்புக்கும் அவமானமாகிவிடுகிறது. டிசம்பர் 15ஆம் தேதி பேரறிக்கையை அச்சிட காமன்ஸ் அவை முடிவெடுத்தது. அரசர் எழுதிய பதில் அதற்குப் பிறகே வந்தது.

டெரிங்கின் கதை அத்துடன் முடியவில்லை. தம் உரைகளைத் தொகுத்து அவரே அச்சிட்டார். அதற்காகவே 1642 பிப்ரவரியில் அவையிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த மாதம் கென்டில் ஊர்ப்பெரியவர்களைக் கூட்டி மனு எழுதினார். மக்களிடம் பேசுவதைக் கண்டித்தவருக்கும், மக்களிடம் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மனு எப்படித் தயாரானது?

வேரோடும் கிளையோடும் பிஷப் பதவியை அகற்றக் கோரி 1640 டிசம்பரில் லண்டனிலிருந்து வந்த மனுவில் சுமார் 15,000 கையொப்பங்கள் இருந்தன. 1642 ஜனவரி 4ஆம் தேதி, பிம், ஹாம்ப்டன் உள்ளிட்ட ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய சார்லஸ் ஆயுதம் தாங்கியவர்களுடன் காமன்ஸ் அவைக்கு வந்து, அவர்கள் தப்பியிருந்ததால் வெறுங்கையோடு திரும்பினார். 10ஆம் தேதி அவர் லண்டனை விட்டு வெளியேறினார். மறுநாளே ஹாம்ப்டனின் பக்கிங்ஹாம்ஷயரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மனுவுடன் தலைநகருக்கு வந்தனர். சமயத்தையும் நாடாளுமன்ற உரிமையையும் காப்போம் என்ற உறுதிமொழியின் அச்சுப் பிரதியைத் தொப்பியில் செருகியிருந்தனர். அதன்பின் பெரும்பாலான கவுண்டிகளிலிருந்து மனுக்கள் வந்தன. பிப்ரவரியில் லண்டன் பெண்கள் வணிகச் சீர்குலைவையும் அயர்லாந்து அச்சத்தையும் சொல்லி மனுக் கொடுத்தபோது, பிம் வாசலுக்கு வந்து நன்றி தெரிவித்து, வீட்டுக்குத் திரும்பி மனுவைப் பிரார்த்தனையாக்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்.

இம்மனுக்களை மக்கள் குரல் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வெறும் ஏற்பாடு என்று தள்ளவும் முடியாது. வாசகத்தைச் சில நிலக்கிழார்களோ போதகர்களோ எழுதினார்கள். கவுண்டி நீதிமன்றம் கூடும் நாளில், பலரும் ஓரிடத்தில் இருக்கும்போது, அதை முன்வைத்தார்கள். தேவாலயத்தில் கையொப்பம் திரட்டினார்கள். எழுதத் தெரியாதவர் குறியிட்டார். பெயர் தாளில் ஏறியபின் அவர் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். சில மாதங்களில் ஆள் திரட்டக் கிளம்பியவர்களுக்கு, யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை இந்தத் தாள்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தன.

மனுச் செய்யும் உரிமைக்கு எல்லை எங்கே என்பதும் விரைவில் தெரிந்தது. 1642 மார்ச் 25ஆம் தேதி மெய்ட்ஸ்டோன் நகரில் கவுண்டி நீதிமன்றம் கூடியபோது டெரிங்கும் நண்பர்களும் முன்வைத்த கென்ட் மனு, சமய வழிபாடு சட்டப்படி இருந்தபடியே இருக்க வேண்டும் என்றும், அரசர் இசையாத படை ஆணைகளால் குடிகளைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றும் கேட்டது. தனக்கு ஆதரவான மனுக்களை நன்றியுடன் வாங்கிய நாடாளுமன்றம் இதை ஏற்கவில்லை. ஏப்ரல் இறுதியில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்த கவிஞர் ரிச்சர்ட் லவ்லேஸ் சிறைக்குப் போனார். யார்க் நகருக்கு வெளியே ஹெவொர்த் மோர் வெளியில் ஜூன் 3ஆம் தேதி அரசர் கூட்டிய கூட்டத்திலும் இதே காட்சிதான், பாத்திரங்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. நாடாளுமன்றத்துடன் இணங்கிப் போகும்படி கேட்கும் மனுவை சர் தாமஸ் ஃபேர்ஃபேக்ஸ் நீட்டினார். அரசர் வாங்காமல் குதிரையைச் செலுத்தவே, சேணத்தின் முன்மேட்டில் அதைச் செருகிவிட்டார்.

படை யார் கையில்?

ஒவ்வொரு கவுண்டியிலும் பயிற்சி பெற்ற ஊர்ப்படை இருந்தது. அதன் தலைவரான லார்டு லெப்டினன்டை நியமிப்பவர் அரசர். 1642 மார்ச் 5ஆம் தேதி இரு அவைகளும் ஊர்ப்படை ஆர்டினன்ஸை நிறைவேற்றி, அந்த நியமனங்களைத் தாமே செய்தன. அக்கால இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறக்கும். ஆகவே மூல ஆவணத்தில் 1641 என்று கண்டால் பிழையென்று எண்ண வேண்டாம். சில நாட்களுக்கு மட்டுமாவது படையை நாடாளுமன்றத்திடம் விட்டுவைக்கலாமா என்று நியூமார்க்கெட்டில் கேட்டபோது, ‘கடவுள் மீது ஆணை, ஒரு மணி நேரத்துக்குக்கூட இல்லை’ என்றார் சார்லஸ்.

அரசர் மறுத்தும் ஆணை செல்லும் என்று நாடாளுமன்றம் வாதிட்ட வரிசை இது:

1. அரசர் தவறு செய்ய முடியாது. தவறு நடந்தால் அது தீய ஆலோசகர்களின் வேலை.

2. அரசர் என்ற மனிதர் வேறு, அரச அதிகாரம் வேறு. அரசர் பெயரில் நடக்கும் நீதிமன்றம், அவருடைய தனிப்பட்ட விருப்பத்துக்கு எதிராகவும் தீர்ப்புச் சொல்கிறது.

3. நாடாளுமன்றமே நாட்டின் உச்ச நீதிமன்றமும் உச்ச ஆலோசனை மன்றமும் ஆகும்.

4. ஆகவே ஆபத்துக் காலத்தில் அது எடுக்கும் முடிவில் அரச அதிகாரத்தின் முத்திரை இருக்கிறது, தீயோரால் திசைதிருப்பப்பட்ட அரசர் அதை நேரில் எதிர்த்தாலும்.

இந்த நான்காவது படியில்தான் ‘அரசருக்காக அரசருடன் போர்’ என்ற விநோதம் சட்ட வடிவம் பெற்றது. கப்பல் வரி வழக்கின் வாதம் வந்து சேர்ந்த இடமும் இதுவே. ஆபத்து வந்துவிட்டது, காத்திருக்க முடியாது, வந்ததா இல்லையா என்று நாங்களே முடிவு செய்வோம் என்று 1638இல் அரசரின் வழக்கறிஞர்கள் சொன்னதை, 1642இல் பிம் தரப்பு சொன்னது. அரசரோ எதிராளிகள் விட்டுச்சென்ற இருக்கையில் அமர்ந்துகொண்டார்: மூவரில் இருவர் சேர்ந்து சட்டம் செய்ய முடியாது, எழுதப்பட்ட சட்டமே குடிகளின் காவல். இந்த நடையை அவருக்கு அமைத்துக் கொடுத்தவர், சென்ற ஆண்டு வரை சீர்திருத்தத் தரப்பில் இருந்த வழக்கறிஞர் எட்வர்ட் ஹைட். லண்டனில் இருந்தபடி ஹைட் இரகசியமாக எழுதி அனுப்பிய வரைவுகளை, கையெழுத்து அடையாளம் வெளிப்படாதிருக்க அரசர் தம் கையாலேயே படியெடுத்தார் என்று ஹைட் பின்னாளில் எழுதினார்.

ஏப்ரல் 23ஆம் தேதி சொல் முதன்முதலாகச் சுவரில் மோதியது. ஸ்காட்லாந்துப் போருக்காகச் சேர்த்த ஆயுதங்கள் ஹல் துறைமுகக் கோட்டையில் இருந்தன. அரசர் நேரில் வந்து திறக்கச் சொன்னபோது, கோட்டைப் பொறுப்பாளர் சர் ஜான் ஹோதம் மதில் மேல் மண்டியிட்டு, நாடாளுமன்றத்தின் நம்பிக்கையை மீற முடியாது என்று மறுத்தார். கட்டியக்காரர்கள் அங்கேயே அவரைத் துரோகி என்று அறிவித்தனர். இதே ஹோதம் பின்னர் அரசர் பக்கம் சாயப் பார்த்து, 1645இல் நாடாளுமன்றத்தின் கையால் தலை இழந்தார்.

மே 27ஆம் தேதி, முதலாம் எட்வர்ட் காலத்துச் சட்டம் ஒன்றை மேற்கோள் காட்டி, தம் இசைவில்லாத ஆர்டினன்ஸின்படி ஊர்ப்படையினர் எவரும் அணிவகுக்கக் கூடாது என்று சார்லஸ் பிரகடனம் செய்தார். பழைய சட்டத்தை நினைவூட்டுவதே பிரகடனத்தின் எல்லை என்ற 1610ஆம் ஆண்டுக் கணக்கு இங்கே பிசகாமல் கடைப்பிடிக்கப்பட்டது. அந்தப் பிரகடனம் செல்லாது என்று நாடாளுமன்றம் அறிவித்தது. அதே மாதம் ஆவணங்களுக்கு உயிர் தரும் பெருமுத்திரை அரசரிடம் யார்க்குக்குப் போயிருந்தது. அதன் காவலரான லிட்டில்டனும் பின்னாலேயே போய்விட்டார். இனி முத்திரை ஒருபுறம், அச்சகங்கள் நிறைந்த தலைநகர் மறுபுறம். நாடாளுமன்றம் 1643இல் தனக்கென ஒரு பெருமுத்திரை செய்துகொண்டது.

முத்திரையிட்ட ஆணையும் தொல்லை தராமல் இல்லை. ஊர்ப்படை கைவிட்டுப் போனதால், நான்காம் ஹென்றி காலத்துச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, ஜூன் மாதம் முதல் கவுண்டிதோறும் படைதிரட்டும் ஆணையங்களை சார்லஸ் அமைத்தார். அவை இலத்தீன் மொழியில் இருந்தன. கேட்டவர்களில் பெரும்பாலோருக்குப் புரியவில்லை. எதிர்த்தரப்பினர் தங்களுக்கு வேண்டியபடி மொழிபெயர்த்து, சொத்தில் பெரும்பங்கு பறிபோகும் என்று அச்சமூட்டினர் என ஹைட் குறைபட்டுக்கொள்கிறார். லெஸ்டர் நகரில் ஜூன் 22ஆம் தேதி, ஹென்றி ஹேஸ்டிங்ஸ் ஆயுதம் ஏந்திய சுரங்கத் தொழிலாளருடன் அரசரின் ஆணையை நிறைவேற்ற வந்து நிற்க, கவுண்டி ஷெரீஃப் அதற்கு எதிரான நாடாளுமன்றத் தீர்மானத்தைப் படித்தார். கான்ஸ்டபிள் வரை இறங்கிவந்த சங்கடம் இதுவே: எந்தத் தாளைப் படிப்பது என்ற தேர்வே எந்தப் பக்கம் நிற்பது என்ற தேர்வு.

சமரசம் பேசிய கடைசித் தாள்கள்

ஜூன் தொடக்கத்தில் நாடாளுமன்றம் அனுப்பிய 19 கோரிக்கைகள், வடிவத்தில் பணிவான விண்ணப்பம். உள்ளடக்கத்தில் சரணடையச் சொல்லும் நிபந்தனைகள். அமைச்சர் நியமனம், கோட்டைகள், ஊர்ப்படை, அரச குழந்தைகளின் கல்வி, திருமணம் எல்லாவற்றுக்கும் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். ஜூன் 18ஆம் தேதியின் பதிலை அரசரின் ஆலோசகர்களான ஃபால்க்லாந்தும் கல்பெப்பரும் எழுதினர். இங்கிலாந்தின் ஆட்சி அரசர், பிரபுக்கள், காமன்ஸ் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கலவை என்றும், சமநிலை குலைந்தால் வாட் டைலர், ஜாக் கேடு போன்ற கலகக்காரர்கள் காலம் வரும் என்றும் அது சொல்லியது. அரசரை மூவரில் ஒருவராக எண்ணியது ஹைடுக்குப் பிடிக்கவில்லை; பிஷப்புகள், பிரபுக்கள், காமன்ஸ் என்பதே பழைய மூன்று, அரசர் அவற்றுக்கு மேல். அவர் கவலை வீண் போகவில்லை. அரசரே ஒப்புக்கொண்ட வாக்கியம் என்று எதிர்த்தரப்பு எழுத்தாளர்கள் அதை விடாமல் பயன்படுத்தினர்.

துரோகி யார்?

1352ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்டுக்குள் அரசருக்கு எதிராகப் போர் தொடுப்பது ராஜத்துரோகம். ஜூலை 12ஆம் தேதி எஸ்ஸெக்ஸ் பிரபுவின் கீழ்ப் படை திரட்ட நாடாளுமன்றம் முடிவு செய்தது. ஆகஸ்ட் 9ஆம் தேதி, எஸ்ஸெக்ஸும் அவரைப் பின்பற்றுவோரும் துரோகிகள் என்றது அரசரின் பிரகடனம். அரசருக்கு உதவுவோரே துரோகிகள் என்று 18ஆம் தேதி நாடாளுமன்றம் அறிவித்தது. சட்டம் ஒன்றே, ‘அரசர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஒருவர் மனிதரைப் பொருளாகக் கொண்டார், மற்றவர் அதிகாரத்தை.

ஆகஸ்ட் 22ஆம் தேதி மாலை நாட்டிங்ஹாமில் அரச கொடி ஏற்றப்பட்டது. கொடி ஏற்றும் காரணத்தைக் கூறும் பிரகடனத்தைக் கட்டியக்காரர் படிக்கவிருந்தார். சார்லஸ் அதை வாங்கி மனத்துக்குள் படித்துப் பார்த்தார். சில வாசகங்கள் பிடிக்காமல், பேனாவும் மையும் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே அடித்துத் திருத்தினார். திருத்தங்களுக்கு நடுவே கட்டியக்காரர் தட்டுத் தடுமாறித்தான் படித்து முடித்தார். பலத்த காற்றில் கொடியும் பின்னர் சாய்ந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 23ஆம் தேதி, எட்ஜ்ஹில்லில் முதல் பெரும் சண்டை நடந்தது.

பின்விளைவுகள்

1649 ஜனவரியில் சார்லஸ் மீது சாட்டப்பட்ட குற்றம், நாடாளுமன்றத்துக்கும் மக்களுக்கும் எதிராகத் துரோகமாகப் போர் தொடுத்தார் என்பது. சம்பவ இடங்களின் வரிசையில் நாட்டிங்ஹாம் இருந்தது. கொடி ஏறியதைக் கண்டவர்கள் சாட்சி சொன்னார்கள். அரசருக்கு எதிரான குற்றம் என்ற துரோகத்தை அரசரே செய்ததாகச் சொல்ல, மனிதரையும் அதிகாரத்தையும் பிரித்த 1642இன் வாதம் இல்லாமல் முடிந்திருக்காது.

முடியாட்சி திரும்பியபின், இரண்டாம் சார்லஸின் நாடாளுமன்றம் 1661இல் மனுக்களை அடக்கச் சட்டம் செய்தது. சமயத்திலோ ஆட்சியிலோ மாற்றம் கோரும் மனுவில் இருபதுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட வேண்டுமானால், மூன்று நீதி நடுவர்களின் முன் ஒப்புதலோ அதற்கு இணையான உள்ளூர் அனுமதியோ தேவை. கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் பத்துப் பேரைத் தாண்டக் கூடாது. 15,000 கையொப்பங்களும் தொப்பியில் செருகிய தாள்களும் அவர்கள் நினைவில் இருந்தன என்பதற்கு இந்த எண்களே சான்று.

1688இல் இரண்டாம் ஜேம்ஸ், சமயக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் தம் அறிவிப்பைத் தேவாலயங்களில் படிக்கச் சொன்னபோது, ஏழு பிஷப்புகள் தங்களை அதிலிருந்து விடுவிக்கும்படி மனுக் கொடுத்தனர். மனு அச்சாகித் தெருவுக்கு வந்ததும், அவதூறு எழுதியதாக அவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஜூன் 30ஆம் தேதி ஜூரிகள் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றனர். அரசரிடம் மனுச் செய்வது குடிகளின் உரிமை, அதற்காகச் சிறையிலடைப்பதும் வழக்குத் தொடர்வதும் சட்டவிரோதம் என்று 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் எழுதிவைத்தது.